ஹெலிகாப்டர் பிளேடை இறக்கும் வழி எது: ஆள் பலமா, கிரேனா, மடிப்பா?

ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் மெயின் ரோட்டார் பிளேடுகளில் பராமரிப்பு வேலை வரும்போது குழுவின் முன்னால் மூன்று வழிகள் நிற்கின்றன. ஆட்கள் சேர்ந்து கையால் கழற்றி இறக்கலாம். கிரேனில் ஸ்லிங் என்னும் தூக்குப் பட்டையை மாட்டி இறக்கலாம். கழற்றாமலேயே பிளேடுகளை வால் பக்கமாக மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மூன்றுமே நடைமுறையில் உள்ளவை. எந்த ஹெலிகாப்டருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் எது பொருந்தும் என்பதை முடிவு செய்வதுதான் பொறுப்பாளரின் வேலை. அந்த முடிவு பிளேடின் மேல் கை படுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது.

இந்தக் கேள்வி வட ஆர்க்காட்டு மண்ணுக்குத் தொலைவானது அல்ல. 1992 மார்ச் 11 அன்று அரக்கோணத்தில் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்களுக்கும் அந்த ஓடுதளம்தான் கைகொடுத்தது. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்த பிறகு அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. தலைக்கு மேல் சேத்தக் ஹெலிகாப்டர் பறக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்த சோளிங்கர், வாலாஜா, காட்பாடிப் பிள்ளைகளில் சிலர் விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிறார்கள். ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே கைவைக்கும் பெரிய வேலைகளில் பிளேடு தூக்குவதும் ஒன்று. புதிதாக வந்தவருக்குப் பெரும்பாலும் பிளேடின் நுனியைத்தான் பிடிக்கக் கொடுப்பார்கள், அங்கே எடை குறைவு என்பதால். அந்த இடத்தின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது பல இடங்களில் சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானோர் எடையை மட்டுமே பார்க்கிறார்கள். நாலு பேரால் தூக்க முடிந்தால் கை, முடியாவிட்டால் கிரேன் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு போதாது என்பதே என் நிலைப்பாடு. பிளேடு கெடுவதற்கும் ஆட்கள் காயப்படுவதற்கும் எடையைவிட அதன் நீளமும், அதன் மேல் படும் காற்றும், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத நுனியும்தான் அதிகக் காரணமாகின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை நுனி யார் கையில் இருக்கும் என்பது. எடையைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்தது.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அந்தந்த ஹெலிகாப்டரின் பராமரிப்புக் கையேடு ஒரே ஒரு வழியை மட்டும் சொல்லியிருந்தால், குழு தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. அந்த வழியில்தான் செய்ய வேண்டும். கையேடு இடம் கொடுக்கும் அளவுக்குள் மட்டுமே இங்கே சொல்லப்படும் யோசனைகள் செல்லும்.

சிறு கீறல் ஏன் பெரிய விஷயம்

சேத்தக்கின் மெயின் ரோட்டாரில் மூன்று பிளேடுகள். ரோட்டாரின் விட்டம் 11.02 மீட்டர். பெங்களூரு எச்ஏஎல் நிறுவனத்தின் துருவ் ஹெலிகாப்டருக்கு நான்கு பிளேடுகள், விட்டம் 13.2 மீட்டர். பெல் 206க்கும் ராபின்சன் ஆர்44க்கும் இரண்டு பிளேடுகள், விட்டம் பத்து மீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் பிளேடின் நுனி விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஐந்தரை மீட்டர் ஆரத்தில் அந்த வேகத்தில் சுற்றும் ஒரு பொருளை வெளிநோக்கி இழுக்கும் விசை, அதன் எடையைப் போல் 740 மடங்கு ஆகும். நுனியில் 10 கிராம் பெயின்ட் கூடினாலோ குறைந்தாலோ, சுழலும்போது அது ஏழு கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பாக மாறுகிறது. பிளேடுகளைக் கிராம் கணக்கில் சமன்படுத்துவதற்கும், நுனியில் சிறு எடைத் துண்டுகளை வைத்துச் சரிசெய்வதற்கும் இதுதான் காரணம்.

இழுப்பு முழுவதும் வேரிலிருந்து, அதாவது ரோட்டாரின் நடுவோடு பொருந்தும் முனையிலிருந்து, நுனி நோக்கி, பிளேடின் நீளவாக்கில் செல்கிறது. ஆகவே நீளவாக்கில் விழுந்த கீறலைவிடக் குறுக்குவாக்கில் விழுந்த கீறல் மிகவும் ஆபத்தானது. குறுக்குக் கீறலின் அடியில் விசை குவிந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது திறந்து மூடி, நாளடைவில் விரிசலாக வளர வாய்ப்புண்டு. கைமாற்றும்போது ஸ்பேனர் உரசினாலும், கடிகாரத்தின் உலோகப் பட்டை இழுபட்டாலும், தாங்கியின் விளிம்பில் பிளேடு இடித்தாலும் விழுவது பெரும்பாலும் குறுக்குக் கீறல்தான். கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் கொக்கி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அருகில் வரச் சொல்வதை ஒழுங்கு நடவடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இதைவிடக் கவலைக்குரியது. 2002 ஜூலை 16 அன்று வடகடலில் ஒரு சிகோர்ஸ்கி எஸ்-76 ஹெலிகாப்டரின் மெயின் ரோட்டார் பிளேடு பறக்கும்போதே முறிந்து, அதிலிருந்த 11 பேரும் உயிரிழந்தார்கள். தயாரிப்பின்போது ஏற்பட்ட ஒரு குறையும், 1999இல் அந்தப் பிளேடின் மேல் விழுந்த மின்னலும் சேர்ந்து உள்ளே தொடங்கிவைத்த, திரும்பத் திரும்ப விசை படுவதால் வளரும் களைப்பு விரிசலே முறிவுக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மின்னலுக்குப் பிறகு அந்தப் பிளேடு உற்பத்தியாளரிடம் சோதனைக்குப் போய்த் திரும்பி வந்ததுதான். அந்த விபத்துக்கும் கையாளும் முறைக்கும் தொடர்பில்லை. ஆனால் பிளேடுக்கு நேர்ந்த எதையும் அதன் பதிவேட்டில் எழுதாமல் விடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கனமான காரணம் வேண்டியதில்லை. ஹேங்கரில் பிளேடு தாங்கியில் லேசாக இடித்தபோது ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று துடைத்துவிட்டுப் போகிறவருக்கு உள்ளே என்ன ஆனது என்று தெரிய வழியே இல்லை.

மடித்து வைப்பது எப்போது போதும்

மூன்று வழிகளில் பிளேடு குறைவாகத் தொந்தரவுக்கு உள்ளாவது மடிப்பதில்தான். போர்க்கப்பல்களின் சிறிய ஹேங்கர்களுக்குள் ஹெலிகாப்டரை அடைப்பதற்காகவே மடிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. சேத்தக்கும் அவ்வாறு மடித்துக் கப்பலேறியதுதான். வேரில் உள்ள இரண்டு பின்களில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அச்சாக வைத்துப் பிளேடைப் பின்னால் சுழற்றி, வால் பகுதியின் மேல் பொருத்தப்பட்ட தாங்கியில் உட்கார வைப்பதே இதன் பொதுவான முறை.

இடம் போதாத ஹேங்கருக்கும், புயல் எச்சரிக்கை வந்து வெளியே நிற்கும் ஹெலிகாப்டரை அவசரமாக உள்ளே தள்ள வேண்டிய வேளைக்கும் மடிப்பே சிறந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வசதியின் அருமை நன்றாகத் தெரியும். ஆனால் பிளேடுகள் வந்து சேரும் நடுப்பகுதியான ஹப்பிலோ பிளேடின் வேரிலோ வேலை இருந்தால் மடிப்பு உதவாது. மடித்த பிளேடின் எடை முழுவதும் ஒரே பின்னின் மீதும் பின்னால் உள்ள தாங்கியின் மீதும் நிற்கிறது. அந்த நிலையில் பக்கத்துப் பிளேடின் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரைக் கழற்றப் போகிறவர், தன் தோளுக்கு அருகில் இன்னொரு பிளேடு ஆடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுவார். இடத்துக்காக மடிக்கலாம், ஹப் வேலைக்காக மடிக்க வேண்டாம் என்பது என் முடிவு. மடிக்கும் ஏற்பாடு இல்லாத பிளேடை ‘ஒரு பின்னை மட்டும் எடுத்துத் திருப்பிக்கொள்ளலாம்’ என்று முயல்வதற்கு எந்த நிலையிலும் இடமில்லை.

கையால் இறக்குவது

இலகுரக ஹெலிகாப்டர்களில் கையால் இறக்குவது நல்ல வழி என்றே கருதுகிறேன். ஆள் போதாமல் அவசரத்தில் செய்யும்போதுதான் அது கெட்ட பெயர் வாங்குகிறது. பிளேடின் ஒவ்வொரு சிறு அசைவையும் கை உணரும். எங்காவது தடுக்கினால் உடனே தெரியும். கிரேன் கொக்கிக்கு அந்த உணர்வு கிடையாது.

மிகவும் நுட்பமான கட்டம் வேரில் உள்ள பின்னை எடுப்பது. நட்டைக் கழற்றிய பிறகும் பின் வர மறுத்தால், அது துருப்பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, புதியவர்கள் சுத்தியலைத் தேடுவார்கள். பெரும்பாலும் பின் இறுகியிருப்பதற்குக் காரணம் பிளேடின் எடை அதன் மேல் உட்கார்ந்திருப்பதே. நுனியில் நிற்பவர் பிளேடை விரல் அகலம் மேலே தூக்கினால் பின் ஒரு பக்கம் இறுகும். விரல் அகலம் இறக்கினால் மறு பக்கம் இறுகும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் எந்தப் பக்கமும் எடை படாமல் பின் இரண்டு விரலால் திருப்பினாலே சுழலும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அசையாமல் பிடித்திருப்பதுதான் நுனியில் நிற்பவரின் வேலை. அவர் கவனம் சிதறி நுனியை அரை அடி தாழவிட்டால், வேரில் பின் நுழையும் வளையமான புஷ் நசுங்கும், பின்னில் கீறல் விழும், வேரைப் பிடித்திருப்பவரின் விரல் ஹப்புக்கும் பிளேடுக்கும் இடையில் சிக்கும். ஆகவே குழுவில் அனுபவம் மிகுந்தவர்களில் ஒருவர் நுனியில் நிற்க வேண்டும். புதியவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்திக் கற்பிக்கலாம்.

ஆட்களின் எண்ணிக்கையைக் கையேடு சொல்லும். அதற்கு மேல், தூக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பேன். உற்சவத்தில் சாமியைத் தூக்குகிறவர்கள் ஒரே ஒருவரின் குரலுக்குத் தோள் மாற்றுவதுபோல, பிளேடு தூக்கும் குழுவுக்கும் கட்டளை ஒரே குரலில் வர வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை மட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், ஏன் என்று கேட்பதற்கு முன்பே அனைவரும் நிற்க வேண்டும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். பின்விளிம்பு மெல்லிய தகடாகவோ, உள்ளே தேன்கூடு அமைப்பின் மேல் ஒட்டிய தோலாகவோ இருக்கும். அதை விரலால் கிள்ளிப் பிடித்துத் தூக்கினால் ஒட்டு விடும். பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடான டிரிம் டேபைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிப்பவர்கள் உண்டு. அது ஒரு டிகிரி வளைந்தாலும் பிளேடு மற்றவற்றோடு ஒரே தளத்தில் பறக்காது. முன்விளிம்பின் பக்கமாக உள்ளங்கையை விரித்து, கையேடு குறித்திருக்கும் இடங்களில் தாங்குவதே முறை. பிளேடின் நடு நீளமும் அதன் எடை மையமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின் வெளியே வந்த கணத்தில் யார் கையில் எவ்வளவு எடை விழும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் யாரும் தடுமாற மாட்டார்கள்.

கை வழியின் பெரிய பலவீனம் காற்று. ஐந்து மீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிளேடின் பக்கவாட்டில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், அதைப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட விசை தள்ளும். நின்று தாங்குகிறவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஏணியின் மேலிருந்து இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது போதும். அதோடு பிளேடின் வடிவமே மேலெழும்பும் விசை உண்டாக்குவதற்காக அமைந்தது, கையில் இருக்கும்போது அந்தக் குணம் மாறிவிடாது. வேலூர்ப் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பிற்பகலில் திடீரென்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோடை மழைக் காற்று வரும். காலையில் அசையாத மரக்கிளை மூன்று மணிக்குப் பேயாட்டம் ஆடும். ஆகவே இந்தப் பக்கத்தில் கையால் இறக்குவதென்றால் விடிந்த கையோடு, கதவை மூடிய ஹேங்கருக்குள் என்பது என் உறுதியான கருத்து. உச்சி வெயிலில் நின்ற உலோகப் பிளேடு வெறுங்கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும். கையுறைக்குள் வியர்வை வழுக்கும். அந்த நேரத்தில் வெளியே வைத்துக் கழற்றுவதற்கு எந்த அவசரமும் நியாயமாகாது.

கிரேன்

துருவ் அளவிலான நடுத்தர ஹெலிகாப்டர்களுக்கும், ஐந்து பிளேடுகளும் 21 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் கொண்ட எம்ஐ-17 போன்றவற்றுக்கும் கேள்வி எளிதாகிவிடுகிறது. பெரிய பிளேடுகளுக்குக் கிரேனும், அந்தப் பிளேடுக்கென்றே செய்யப்பட்ட ஸ்லிங்கும் இல்லாமல் தொடங்கவே கூடாது. இரண்டு பிளேடு ரோட்டாரிலும் கிரேனுக்கு ஒரு சிறப்பான இடம் இருக்கிறது. பெல் 206 போன்றவற்றில் இரண்டு பிளேடுகளும் ஹப்பும் சீசா பலகைபோல் ஒரே அச்சில் ஆடுபவை. ஒரு பக்கத்துப் பிளேடை மட்டும் எடுத்தால் மறுபக்கம் முழு எடையோடு கீழே சாய்ந்துவிடும். ஹப்பையும் பிளேடுகளையும் சேர்த்து ஒரே உருப்படியாகக் கிரேனால் தூக்கிவிட்டு, தரையில் தாங்கியின் மேல் வைத்துப் பிரிப்பது அங்கே பாதுகாப்பான வழி. மூன்று, நான்கு பிளேடு ரோட்டார்களிலும் ஒன்றைக் கழற்றும்போது மற்றவற்றின் சமநிலையைப் பற்றிக் கையேடு சொல்வதை முன்கூட்டியே படிக்க வேண்டும்.

கிரேன் எடையை ஏற்றுக்கொள்கிறது, நுனியை ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்லிங்கில் தொங்கும் பிளேடு தன் மையத்தில் சுழலக்கூடியது, அதன் இரு முனைகளும் ஹேங்கரின் தூணையும் பக்கத்து ஹெலிகாப்டரின் வாலையும் தேடிப்போகும். இரு முனைகளிலும் கயிறு கட்டி ஆள் பிடித்திருந்தால்தான் கிரேன் பாதுகாப்பான வழி ஆகிறது. கிரேன் வந்துவிட்டதால் ஆட்களைக் குறைக்கலாம் என்ற எண்ணம் தவறு. வேரில் இருப்பவர், இரு கயிற்றுக்காரர்கள், கிரேன் இயக்குபவர், சைகை காட்டுபவர் என்று பார்த்தால் கையால் இறக்கும் குழுவுக்கு ஏறத்தாழச் சமமான ஆட்கள் தேவை. பின்னை எடுக்கும் கட்டத்தில் கிரேனின் ஒரு சிறு துள்ளலே புஷ்ஷைக் கெடுத்துவிடும் என்பதால், மிக மெதுவாக அங்குலம் அங்குலமாக நகரும் கிரேன்தான் இதற்கு ஏற்றது. சாலையில் வாடகைக்குக் கிடைக்கும் கிரேனுக்கு அந்த நிதானம் இருப்பதில்லை, அதை ஓட்டுகிறவருக்கும் இந்த வேலை பழக்கமில்லை.

கிரேன் இல்லாத இடத்தில் ஃபோர்க்லிஃப்டின் இரு கரங்களின் மேல் பழைய மெத்தையைப் போட்டுப் பிளேடை வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. ஃபோர்க்லிஃப்டின் கரம் தாங்கும் இடம் பிளேடின் தாங்கல் இடமாக அமைவது அரிது; அதன் ஹைட்ராலிக் அசைவு வெட்டி வெட்டி வரும்; பிரேக் போட்டால் முழுப் பிளேடும் ஆடும். இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

நிற்கும் இடம்

வழி எதுவானாலும் வேரில் வேலை செய்பவர் ஹப்பின் உயரத்தில் நிற்க வேண்டும். சேத்தக்கில் அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர். பிளேடைப் பற்றிய எல்லா எச்சரிக்கைக்கும் நடுவே மறந்துபோவது இந்த உயரம்தான். மனிதருக்கு நேரும் பெரிய காயம் பெரும்பாலும் பிளேடால் வருவதைவிட விழுவதால் வரும். ஏணியில் நிற்பவருக்கு ஒரு கைதான் மிச்சம். பிளேடுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே சக்கரம் பூட்டக்கூடிய, சுற்றிலும் கைப்பிடி உள்ள மேடை இல்லாமல் கையால் இறக்கும் முறையை நான் ஏற்க மாட்டேன். பணம் குறைவாக உள்ள குழு, கிரேனுக்குப் பதில் முதலில் நல்ல மேடை இரண்டை வாங்கட்டும். மேடையில் நிற்பவரின் சட்டைப்பையில் பேனா, செல்போன் எதுவும் இருக்கக் கூடாது, கருவிகள் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஹப்புக்குள் விழுந்த ஒரு சாக்கெட் வெளியே வரும்வரை அந்த ஹெலிகாப்டர் பறக்க முடியாது.

மேடை ஏறுவதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ரோட்டார் பிரேக்கைப் போட்டு, விமானியின் இருக்கையில் ‘இயக்காதே’ என்ற அட்டையைத் தொங்கவிடுவது வழக்கம். அதை வழக்கமாகவே விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கழற்றிய பிளேடு எங்கே போகும்

பிளேடு கையில் இருக்கும்போது ‘எங்கே வைப்பது’ என்று யோசிக்கும் நிலை வந்தால் திட்டமே தவறு. தாங்கி முதலில் தயாராக வேண்டும், பிறகுதான் நட்டில் ஸ்பேனர் விழ வேண்டும். தாங்கியா, மரப்பெட்டியா என்பது அடுத்த தேர்வு.

ஒருசில நாட்களில் மீண்டும் ஏற்றப்போகும் பிளேடுக்கு ஹேங்கருக்குள் இருக்கும் மெத்தை வைத்த தாங்கி நல்லது. பல தாங்கிகளில் முன்விளிம்பு கீழே இருக்கும்படி பிளேடு நிற்கும். மென்மையான பின்விளிம்பின் மேல் எடை வராமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. தரையில் தார்ப்பாய் விரித்துப் படுக்க வைப்பதை ஏற்க முடியாது. யாராவது மிதிப்பார், யாராவது தாண்டுவார், ஏதாவது உருண்டு வந்து இடிக்கும்.

இராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் நல்ல ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கின்றன. உற்பத்தியாளரின் தாங்கிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிக்கே அதைப் போலச் செய்து வாங்கலாம் என்ற எண்ணம் இயல்பாக வரும். வெல்டிங் வேலையின் தரத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் கையேடு ஒரு குறிப்பிட்ட கருவியைச் சொல்லியிருந்தால், அதற்கு மாற்றாக இன்னொன்றைப் பயன்படுத்த சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின், பராமரிப்பு நிறுவனங்களுக்கான சிஏஆர்-145 விதிகளின்படி ஒப்புதல் பெற்ற நடைமுறை வேண்டும். வரைபடம், எடை தாங்கும் சோதனை, மெத்தையின் பொருள், தாங்கும் இடங்களின் அளவு ஆகியவற்றை எழுத்தில் வைத்து அந்த ஒப்புதலைப் பெற்றுவிட்டால், உள்ளூரில் செய்த தாங்கியும் நன்றாக உழைக்கும். ஒப்புதல் வாங்கும் பொறுமை இல்லாதவர் உற்பத்தியாளரின் தாங்கியையே வாங்கிவிடுவது மேல்.

மாதக்கணக்கில் வைக்க வேண்டிய பிளேடுக்கும், லாரியில் வெளியூர் போகும் பிளேடுக்கும் பெட்டிதான். நம் பக்கத்தில் பெட்டிக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம்: ஐப்பசி மழையில் மூடிய பெட்டிக்குள் சிக்கும் ஈரக் காற்று குளிர்ந்து நீர்த்துளியாகிப் பிளேடின் வேரில் உள்ள உலோகத்தில் இறங்கும், ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்து, காலந்தவறாமல் மாற்ற வேண்டும். மற்றது பூச்சி: தரையில் நேரடியாக வைத்த மரப்பெட்டியில் கரையான் ஏறும். வெளியே தாங்கியில் இருக்கும் பிளேடுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பல பிளேடுகளின் நுனியில் உள்ளே சேரும் நீர் வடிவதற்குச் சிறு துளை இருக்கும். மண்குளவிக்கு அந்தத் துளை மிகவும் பிடித்த இடம். ஒரு சிட்டிகை களிமண் போதும், துளை அடைபட்டு நீர் உள்ளேயே தங்கும், நுனியில் எடையும் கூடும். முன்னே சொன்ன 740 மடங்கு கணக்கு அந்தக் களிமண்ணுக்கும் பொருந்தும். துளைகளுக்கு உரிய மூடியைப் போட்டு, சிவப்பு நாடா கட்டி, ஏற்றும்போது அந்த நாடாவை எண்ணி எடுக்க வேண்டும்.

பிளேடு கையெட்டும் உயரத்தில் தாங்கியில் இருக்கும் நேரமே அதைச் சோதிக்க ஏற்ற நேரம். தட்டிப் பார்க்கும் சோதனையில், ஒட்டு நன்றாக உள்ள இடம் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் மந்தமாகச் சொத்தென்று கேட்கும். கம்ப்ரசர் ஓடும் ஹேங்கரில் அந்த வேறுபாடு காதில் விழாது என்பதால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுத் தட்ட வேண்டும். ராபின்சன் பிளேடுகளில் முன்விளிம்புப் பக்கம் பெயின்ட் தேய்ந்து, தோலும் பிளேடின் முதுகெலும்பான ஸ்பாரும் ஒட்டியிருக்கும் கோடு வெளியே தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கோடு வெளிப்பட்டால் ஒட்டு அரிக்கத் தொடங்கும். சிறு கீறலைக் கண்டால் உப்புக்காகிதத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவதற்கு முன், அதன் ஆழம், திசை, வேரிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் குறித்து, கையேட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

திரும்ப ஏற்றும்போது

இறக்குவதற்குத் தேர்ந்த வழியிலேயே ஏற்றுவது நல்லது. காலையில் கிரேனால் இறக்கிவிட்டு, கிரேன் வேறு வேலைக்குப் போய்விட்டதால் மாலையில் கையால் ஏற்றும் குழு இரண்டு முறைகளின் ஆபத்தையும் ஏற்றுக்கொள்கிறது, ஒன்றின் பயனையும் முழுமையாகப் பெறுவதில்லை. கிரேன் இரண்டு முறையும் கிடைக்குமா என்பதை முதலிலேயே உறுதி செய்ய முடியாவிட்டால், இலகுரக ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை தொடக்கத்திலேயே கை வழியைத் தேர்ந்துகொள்ளலாம். கனமான பிளேடாக இருந்தால் கிரேன் கிடைக்கும் நாள்வரை வேலையைத் தள்ளிப்போட வேண்டும்.

எந்தப் பிளேடு ஹப்பின் எந்தக் கரத்தில் இருந்ததோ அதே கரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பிளேடிலும் ஹப்பிலும் ஒரே வண்ணக் குறியிடுவார்கள். அந்தக் குறி மங்கியிருந்தால் கழற்றுவதற்கு முன்பே அதைப் புதுப்பிக்க வேண்டும். கழற்றிய பிறகு நினைவை நம்புவதில் பயனில்லை. பிளேடின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் தண்டான பிட்ச் லிங்கின் நீளத்தை ஒரு சுற்றுகூட மாற்றாமல் வைத்திருந்தால் மறுபடி சமன்படுத்தும் வேலை பாதியாகக் குறையும். நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சின் சோதனைத் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். முறுக்கியவரும் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும், சரிபார்ப்பவர் அதுவரை அந்த வேலையில் கைவைக்காதவராக இருப்பது இன்னும் நல்லது.

பதிவேட்டில் எந்த வழியில் இறக்கப்பட்டது, தாங்கியில் எத்தனை நாள் இருந்தது, எங்காவது இடித்ததா, தட்டிய சோதனையில் என்ன கேட்டது ஆகிய அனைத்தையும் எழுதிய பிறகே உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும். டர்பைன் ஹெலிகாப்டர் என்றால் அவரிடம் பி1.3 பிரிவு உரிமம் இருக்கும். அதன் பிறகு முதல் ஓட்டம்: ஹெலிகாப்டரைத் திறந்த வெளிக்கு இழுத்துச் சென்று, தரையிலேயே ரோட்டாரைச் சுழற்றி, பிளேடுகள் ஒரே தளத்தில் செல்கின்றனவா, அதிர்வு எல்லைக்குள் இருக்கிறதா என்று அளக்கிறார்கள். பிளேடு தூக்கிய குழுவில் ஒருவராவது அந்த அளவு எடுக்கும்போது பாதுகாப்பான தொலைவில் நின்று முடிவைப் பார்க்கட்டும், அதுவும் நுனியைப் பிடித்திருந்தவராக இருந்தால் நல்லது.